கால் தமனியடைப்பு

யூதாவின் அரசனாகிய ஆசா, தன் ஆட்சியின் 39ஆம் ஆண்டில் கால்களிற் கொடிய வியாதி கண்டு வருந்தினான் என்று நாளாகமம் கூறும். அது கீல்வாதமே என்பாரும், காலுக்குச் செல்லும் இரத்தக் குழாய் அடைபட்டதனால் விளைந்தது என்பாருமாகப் பண்டிதர் இரு கட்சியாய் நிற்பர். அவ்வழக்குத் தீர்தற்கு வழியில்லை. பின்னவர் கூறும் வியாதி யாது என்பதோ நாம் அறியத்தக்கதே.

இருதயத்தினின்று நல்லிரத்தத்தைத் தேகமுழுதும் கொண்டுசெல்லும் குழாய்கள் தமனிகள் எனப்படும். இளமையில் அவற்றின் உட்சுவர் வழவழப்பாயிருக்கும். வயது ஏற ஏறக் கொழுப்பும் சுண்ணமும் அச்சுவரிற் படிந்து வழியை ஒடுக்குகின்றன. ஓய்ந்திருக்குங்கால் காலின் தசைக்குச் சிறிதளவு இரத்தமே போதும்; நடக்குங்காலோ பன்மடங்கு வேண்டும். ஒடுங்கிய வழியே அவ்வளவு வாராமையால், சிறிது தூரம் நடந்தவுடன் கெண்டைக்கால் இறுகி நோகின்றது. நின்றாற் சில நிமிஷங்களில் நோவு நீங்குகின்றது. மீண்டும் நடந்தால் ஏறக்குறைய அதே தூரத்தில் திரும்ப வருகின்றது. இவ்வொழுங்கே இந்நோயின் முத்திரை. மூட்டுவாதத்தின் நோவு இங்ஙனம் அளந்து வருவதன்று.

இக்குறியைப் பற்றிய பழைய விவரமொன்று மனிதரைக் குறித்ததன்று, குதிரையைக் குறித்தது. 1831இல் பிரான்சு தேசத்துக் கால்நடை வைத்தியர் பூலே என்பார், சற்று ஓடியவுடன் நொண்டி, நின்றபின் தேறிய ஒரு குதிரையின் பின்னங்கால் தமனிகள் அடைபட்டிருந்தமையை வெளியிட்டார். 1858இல் ஷார்க்கோ என்னும் பேர்பெற்ற வைத்தியர் அதே குறியை ஒரு மனிதனிடத்து விவரித்தார்.

இக்காலத்தில் நோயை அறிதல் எளிது. கணுக்காலின் இரத்த அழுத்தத்தைப் புஜத்தின் அழுத்தத்தால் வகுத்து, ஈவு 0.90 அல்லது அதற்குக் குறைவாயின் அடைப்பு உண்டென்பர். நீரிழிவுடையாரிற் சிலர்க்குத் தமனி சுண்ணமேறிக் கட்டைபோல் இறுகிவிடுதலின், ஈவு 1.40க்கு மேற்பட்டுப் பொய்க்கணக்குக் காட்டும். அவர்க்குக் கால்விரலின் அழுத்தத்தை அளத்தல் வேண்டும். நோவே இன்றி இந்நோயுடையாரும் பலர்.

காரணங்களுள் தலையாயவை புகையிலையும் நீரிழிவும். பீடியும் சுருட்டும் நெஞ்சைக் கெடுக்கும் என்று அறிந்தோர் பலர். காலைக் கெடுக்கும் என்று அறிந்தோர் சிலரே. 1908இல் லியோ பர்கர் என்பார் விவரித்த மற்றொரு தமனிநோய், பெரும்பாலும் புகைபிடிக்கும் இளைஞரையே பற்றி விரல்களை அழுகச் செய்வது. அதற்குப் புகையை அறவே விடுதலினும் மேலான மருந்தில்லை.

தமனியடைப்புக்கோ நடையே சிறந்த சிகிச்சையாம். நோவு ஓரளவு மிகும்வரை நடந்து, நின்று, நோவு தணிந்தபின் மீண்டும் நடத்தல் வேண்டும். இவ்வாறு 30 முதல் 45 நிமிஷம், வாரம் மும்முறையேனும், 12 வாரம் பழகுவோர் முன்னிலும் நெடுந்தூரம் நடக்க வல்லராகின்றனர். நோகின்றதே என்று கட்டிலிற் கிடப்பவர்க்குத் தசையும் தளர்ந்து தூரம் இன்னும் குறுகும். இரத்தம் உறையாதிருக்க ஆஸ்பிரின் அல்லது குளோபிடோகிரெல், கொழுப்பைக் குறைக்க ஸ்டாட்டின் ஆகியவற்றை வைத்தியர் கொடுப்பர். காலுக்காக மட்டுமன்று, இந்நோயுடையாருட் காலை இழப்பாரினும் மாரடைப்பால் மாள்வாரே மிகுதி.

1948இல் பாரிஸ் நகரத்துக் குன்லின் என்பார், நோயாளியின் சொந்தச் சிரையையே மாற்றுவழியாக வைத்துத் தைத்தார். 1964இல் அமெரிக்காவிலுள்ள போர்ட்லாந்து நகரில், காலை வெட்ட உடன்படாத 82 வயது மூதாட்டி ஒருவரின் ஒடுங்கிய தமனியைச் சார்லஸ் டாட்டர் என்பார் மெல்லிய குழல் செலுத்தி விரித்தார். அவர் காலும் பிழைத்தது.

நீரிழிவுடையார் நாடோறும் உள்ளங்காலை நோக்குக. வெறுங்காலுடன் சுடுமணலில் நடத்தல் ஆகாது. ஆறாத புண், இரவிற் படுத்திருக்குங்கால் பாதத்தில் எழும் நோவு ஆகியவை கண்டால் வைத்தியரிடம் செல்லத் தாழ்த்தலாகாது. ஒரு கால் மட்டும் திடீரென வெளுத்துக் குளிர்ந்து மரத்துப்போயின், சில மணி நேரத்துக்குள் ஆஸ்பத்திரி சேராவிடில் அக்காலைக் காத்தல் அரிது.