ஆக்கில்லாவும் பிரிஸ்கில்லாளும்: இடம்பெயர்ந்த ஒரு குடும்பம்

வாசிக்க: அப்போஸ்தலர் 18:1-4, 18-26, ரோமர் 16:3-5, 1 கொரிந்தியர் 7:3-5

திருமணத்தைப் பற்றிய பாடம் என்றதும் நாம் வழக்கமாக எபேசியர் 5ஆம் அதிகாரத்தைத் திறக்கிறோம். மனைவியின் கீழ்ப்படிவைக் கூறும் 22ஆம் வசனத்தில் கண் நின்றுவிடுகிறது. அதற்கு முந்திய 21ஆம் வசனம் ஒருவருக்கொருவர் கீழ்ப்படியும்படி எல்லாருக்கும் சொல்லுகிறது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. இம்முறை ஒரு குடும்பத்தையே பார்ப்போம்.

ஆக்கில்லா பொந்து தேசத்தில் பிறந்த யூதன். கி.பி. 49 அளவில் கிலவுதியு இராயன் யூதர்களை ரோமாபுரியை விட்டுப் போகக் கட்டளையிட்டபோது, மனைவி பிரிஸ்கில்லாளோடு கொரிந்துவுக்கு வந்தான். இடம்பெயர்தல் என்றால் என்னவென்று நம் வாசகர்களுக்கு விளக்கத் தேவையில்லை. வீடு போகும், அயல் போகும். கையில் உள்ள தொழில் மட்டும் கூட வரும். இவர்களின் தொழில் கூடாரம் செய்வது. அதே தொழில் தெரிந்த பவுலையும் தங்கள் வீட்டில் சேர்த்துக்கொண்டார்கள். பிறகு எபேசுவுக்குப் போனார்கள். பின்னர் மீண்டும் ரோமாபுரி. இந்த இரு நகரங்களிலும் சபை அவர்கள் வீட்டில் கூடியது. வேதம் இவர்களில் ஒருவரை விட்டு மற்றவரைச் சொல்லுவதில்லை. சில இடங்களில் மனைவியின் பெயரே முன்னுக்கு வருகிறது. அவர்கள் சண்டை பிடித்தார்களா என்று எழுதப்படவில்லை. பிடித்திருப்பார்கள் என்றே நான் நினைக்கிறேன்.

சேர்ந்து உழைப்பவர்களுக்குக் காசை ஒளிப்பது கடினம். நம் கிராமங்களில் நடப்பது வேறு. கணவனுக்குத் தெரியாமல் மனைவி குழுக்கடன் எடுக்கிறாள். மனைவிக்குத் தெரியாமல் கணவன் நகையை அடைவு வைக்கிறான். கிழமைக் கடன் வசூலிப்பவர் படலையில் வந்து நிற்கும்போதுதான் விடயம் வெளிவருகிறது. 2018இல் அரசாங்கம் வறட்சி பாதித்த 12 மாவட்டங்களில் பெண்கள் பெற்ற 1 இலட்சம் ரூபாய்க்கு உட்பட்ட நுண்நிதிக் கடன்களைத் தள்ளுபடி செய்ய முன்வந்தது. தள்ளுபடி கடனைக் குறைக்கலாம். வீட்டுக்குள் உடைந்த நம்பிக்கையை அது திருப்பித் தராது. ஜெபத்திற்காகச் சில காலம் பிரிந்திருப்பதைக்கூட இருவரும் சம்மதித்தே செய்யும்படி பவுல் கொரிந்தியருக்கு எழுதினார். அப்படியானால் கடன் பத்திரத்தில் ஒருவர் தனியே கையொப்பமிடலாமா?

இன்னொன்று. அப்பொல்லோ ஜெபாலயத்தில் பேசியபோது அவனுடைய போதனையில் குறை இருந்தது. இருவரும் அவனைத் தனியே அழைத்துப்போய் விளக்கினார்கள். சபை நடுவே திருத்தவில்லை. கணவனையோ மனைவியையோ மாமியார் முன்னும் பிள்ளைகள் முன்னும் திருத்துகிற பழக்கம் நம்மிடம் உண்டு. சொன்னது சரியாக இருந்தாலும், கேட்டவர் மனதில் அவமானமே மிஞ்சும்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லவேண்டும். அடி வாங்கிக்கொண்டு பொறுத்திருப்பது விசுவாசம் அல்ல. மன்னிப்பு என்ற பெயரில் அப்படி அறிவுரை சொல்லுவோர் சபைகளிலும் இருக்கிறார்கள். 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ், பாதிக்கப்பட்டவர் நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம். அடிப்பவர் மனந்திரும்ப ஜெபிப்போம். அடிபடுபவரை முதலில் பாதுகாப்பான இடத்திற்குக் கூட்டிச்செல்வோம்.

இந்தக் கிழமை ஒரு இரவு, சாப்பிட்ட பின் ஒரு கொப்பியை எடுங்கள். வரவு, செலவு, கடன், அடைவில் இருப்பது எல்லாவற்றையும் இருவரும் சேர்ந்து எழுதுங்கள். கணவன் சாராயத்துக்கும் வெற்றிலைக்கும் கொடுத்ததையும் எழுதட்டும். மனைவி சீட்டுக் காசையும் எழுதட்டும். முதல் நாள் கோபம் வரலாம். எழுதும் முன் சிறிது நேரம் சேர்ந்து ஜெபித்தால் குரல் தணிந்திருக்கும். எழுத வாசிக்கத் தெரியாதவர் இருந்தால் மற்றவர் வாசித்துக் காட்டவேண்டும்.

குழுவில் இப்பாடத்தைப் படிப்பவர்கள் ஆண்களும் பெண்களும் முதலில் தனித்தனியே அமர்ந்து, “என் வீட்டில் நான் ஒளிப்பது என்ன?” என்று மௌனமாக யோசிக்கட்டும். பதிலைக் குழுவில் சொல்லும்படி யாரையும் கேட்கவேண்டாம்; அதை முதலில் கேட்கவேண்டியவர் வீட்டில் இருக்கிறார்.