கை ஓய்ந்த காலத்தில் அடுப்பு எரிய

கமம் செய்து சீவிக்கும் குடும்பத்தில் உழைப்பவர் நோயில் விழுந்தால், அவருக்குச் சம்பளத்துடன் லீவு கொடுக்க எவரும் இல்லை. அன்றைய வேலை நின்றால் அன்றைய வரவும் நின்றுவிடும். சொந்த ஊரில் இருந்தபோது இக்குறையைக் கொம்பறையில் கிடந்த நெல்லும், பட்டியில் நின்ற மாடும், வளவுக்குள் நின்ற பனையும் தென்னையும், அயலில் இருந்த சகோதரங்களும் ஓரளவு தாங்கின. இடம்பெயர்ந்த பின்னர் இவற்றுட் பல எம்மிடம் இல்லை. ஆகவே நீண்ட நோய்க்காலத்தை எவ்வாறு கடப்பது என்பதை நாம் ஒன்றாக இருந்து கணக்குப் பார்க்க வேண்டும். இப்பாடத்தில் காசநோயையும் கால் எலும்பு முறிவையும் உதாரணமாக எடுத்துக்கொள்வோம்.

1. செலவு எங்கே வருகிறது?

எமது நாட்டில் அரசாங்க வைத்தியசாலைகளில் வைத்தியம் இலவசம். காசநோய்க்கான மருந்தும் மார்பு நோய்ச் சிகிச்சை நிலையங்களில் இலவசமாகவே கிடைக்கிறது. ஆயினும் கிளினிக்குக்குப் போய்வரும் பஸ் செலவு, துணைக்குப் போகிறவர் இழக்கும் வேலை, நோயாளிக்குக் கொடுக்கவேண்டிய முட்டை, பருப்பு, பால் ஆகியவற்றுக்குக் காசு வேண்டும். இவை எல்லாவற்றிலும் பெரியது நின்றுபோன உழைப்பு.

காசநோய் காரணமாக ஒரு குடும்பத்துக்கு ஏற்படும் செலவும் இழப்பும் அதன் ஆண்டு வருமானத்தில் 20 வீதத்தைத் தாண்டினால், உலக சுகாதார நிறுவனம் அதனைப் பேரிழப்பு என்று கணக்கிடுகிறது. இதுபற்றிக் கணக்கெடுப்பு நடத்திய நாடுகளில், சராசரியாக ஏறக்குறையப் பாதிக் குடும்பங்கள் இந்நிலைக்கு உள்ளாகியிருந்தன. மருந்து இலவசமாகக் கிடைத்தாலும் அடுப்பை எரிக்கும் பொறுப்பு குடும்பத்தின் மேலேயே விழுகிறது.

2. எவ்வளவு காலம்?

நோய் இன்னதென்று தெரிந்தவுடன் வைத்தியரிடம் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். மருந்து எத்தனை மாதம்? எத்தனை மாதம் பாரமான வேலை செய்யக்கூடாது? எப்போதிருந்து இலேசான வேலை செய்யலாம்? பதிலை ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள்.

வழமையான காசநோய்க்கு 6 மாதம் மருந்து எடுக்க வேண்டும். முதல் 2 மாதம் நான்கு வகை மருந்தும், அடுத்த 4 மாதம் இரண்டு வகை மருந்தும் கொடுக்கப்படும். தொடை அல்லது கால் எலும்பு முறிந்தால் பொருந்துவதற்குப் பொதுவாக 3 முதல் 6 மாதம் வரை செல்லும்.

காசநோயில் ஓர் ஆபத்து உண்டு. இரண்டு மாதம் மருந்து எடுத்ததும் இருமல் குறையும், உடம்பு தேறும், பசி எடுக்கும். வீட்டில் அரிசி இல்லை. நோயாளி மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு கூலிக்குப் போகிறார். மருந்தெடுக்கப் போகவேண்டிய நாட்களைத் தவறவிடுகிறார். உடம்பில் எஞ்சிய கிருமி மீண்டும் பெருகுவதோடு, அந்த மருந்துகளுக்கு அடங்காததாகவும் மாறக்கூடும். அதன்பின் வைத்தியம் இன்னும் நீளும், கடினமாகும். வீட்டிலுள்ள பிள்ளைகளுக்கும் தொற்றலாம். எலும்பு முறிந்தவர் காலம் வருமுன் பாரம் தூக்கினாலும் இதே கதைதான். எனவே அரிசிக்கு வழி பார்ப்பதும் வைத்தியத்தின் ஒரு பகுதியே.

3. அறுவடை வரைக்கும் கணக்கு

சம்பளக்காரருக்கு எந்த மாதமும் ஒரு மாதந்தான். கமக்காரருக்கு அப்படியல்ல. மழையை நம்பிச் செய்யும் வயலில் பெரும்போகம் ஒன்றுதான் உண்டு. செப்டெம்பர், ஒக்டோபரில் விதைத்தால் ஜனவரிக்குப் பின் அறுவடை. ஒக்டோபர் தொடக்கத்தில் காசநோய் என்று கண்டுபிடிக்கப்பட்ட ஒருவருக்கு மார்ச் மாத முடிவில் மருந்து முடிந்துவிடும். ஆனால் அந்தப் போகம் விதைக்கப்படாவிட்டால், அவர் வயலில் நெல் காண்பது அடுத்த போகத்தில், அதாவது ஏறக்குறைய 16 மாதத்தின் பின்னரே.

ஐந்து பேர் கொண்ட குடும்பத்துக்கு நாளொன்றுக்கு ஒன்றரைக் கிலோ அரிசி என்று வைத்துக்கொள்வோம். மாதத்துக்கு 45 கிலோ. ஆறு மாதத்துக்கு 270 கிலோ; பதினாறு மாதத்துக்கு 720 கிலோ. 100 கிலோ நெல்லைக் குற்றினால் 62 முதல் 65 கிலோ வரை அரிசி கிடைக்கும். ஒரு புசல் நெல் ஏறக்குறைய 21 கிலோ. ஆகவே ஆறு மாதத்துக்குச் சுமார் 20 புசல் நெல்லும், பதினாறு மாதத்துக்குச் சுமார் 54 புசல் நெல்லும் வேண்டும்.

இக்கணக்கிலிருந்து இரண்டு விடயங்கள் தெளிவாகின்றன. மருந்து முடியும் நாள்வரை கணக்குப் பார்த்தால் போதாது, அடுத்த அறுவடை நாள்வரை பார்க்க வேண்டும். அடுத்து, நோயாளியின் வயலை அந்தப் போகத்திலேயே எவ்வாறாவது விதைத்துவிடுவதுதான் குடும்பத்துக்குச் செய்யக்கூடிய மிகப்பெரிய உதவி. பத்து அயலவர் ஆளுக்கு இரண்டு நாள் வேலை கொடுத்தால் அது இருபது ஆள்வேலை. நோயாளி எழும்பிய பின் அந்த வேலையைத் திருப்பிக் கொடுக்கலாம். ஆள் கிடைக்காவிட்டால் அந்தப் போகத்துக்கு மட்டும் காணியைப் பங்குக்கு விடலாம். குத்தகைக் காணியாயின் உடனே காணிக்காரரிடம் சென்று நிலைமையைச் சொல்லுங்கள். பிள்ளையைப் பள்ளிக்கூடத்தால் மறித்துக் கூலிக்கு அனுப்புவதை இக்கணக்கில் சேர்க்க வேண்டாம்.

4. எதை விற்கலாம், எதை விற்கக்கூடாது?

அவசரத்தில் முதலில் விலைபோவது பெரும்பாலும் தண்ணீர் இறைக்கும் மெசின், கறவை மாடு, விதைநெல். இவை போனால் நோயாளி சுகமாகி வரும்போது உழைப்பதற்கு எதுவும் இராது. விற்க வேண்டிவந்தால் இந்த ஒழுங்கில் யோசியுங்கள்:

(அ) முதலில், வருமானம் தராத வீட்டுப் பொருட்கள். கிடாய், சேவல் போன்றவை.

(ஆ) அடுத்து, நகை. விற்பதிலும் வங்கியிலோ கூட்டுறவுச் சங்கத்திலோ அடகு வைப்பது நல்லது. மீட்கவேண்டிய திகதியைக் கேட்டு எழுதி வையுங்கள். அது அறுவடைக்கு முன் வருமாயின், தவணையை எவ்வாறு நீடிக்கலாம் என்று அன்றே விசாரியுங்கள்.

(இ) கடைசிவரை விடக்கூடாதவை: விதைநெல், மண்வெட்டி முதலிய ஆயுதங்கள், மெசின், கறவை மாடு, முட்டையிடும் கோழி, கிளினிக்குப் போகும் சைக்கிள்.

5. வட்டிக் கடன்

நூற்றுக்கு மாதம் 5 ரூபா வட்டி என்றால் சிறிதாகத் தோன்றும். 20,000 ரூபா எடுத்தால் மாதம் 1,000 ரூபா வட்டி. 16 மாதத்தில் வட்டி மட்டும் 16,000 ரூபா. முதல் அப்படியே நிற்கும். கடன் தவிர்க்க முடியாததாயின், முழுத்தொகையையும் ஒரேயடியாக எடுக்காமல் தேவைக்கேற்ப எடுங்கள். விளையப்போகும் நெல்லை முன்கூட்டியே விலைபேசிக் கடன் வாங்குவது பெரும்பாலும் அறுவடைக் காலத்துக் குறைந்த விலையிலேயே முடிகிறது.

6. அரசாங்கத்திடம் கேட்கவேண்டியவை

காசநோய், புற்றுநோய், தொழுநோய் முதலிய நோய்களால் வாடும் வறியவர்களுக்குச் சமூக சேவைத் திணைக்களத்தின் உதவிக் கொடுப்பனவு உண்டு. வைத்தியரின் சான்றிதழுடன் கிராம அலுவலர் மூலம் பிரதேச செயலகத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். 2023 முதல் நடைமுறைக்கு வந்த அஸ்வெசும திட்டத்தில் வறிய குடும்பங்களுக்கும், தனியாகச் சிறுநீரக நோயாளர், மாற்றுத்திறனாளிகள், முதியோர் ஆகியோருக்கும் கொடுப்பனவுகள் உள்ளன. 1987ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டத்தால் ஏற்பட்ட கமக்காரர் ஓய்வூதியத் திட்டத்தில் ஓய்வூதியத்தோடு நிரந்தர அங்கவீனத்துக்கும் மரணத்துக்கும் கொடுப்பனவு உண்டு. இதுபற்றிக் கமநல சேவை நிலையத்தில் விசாரியுங்கள். ஆனால் சில மாதங்கள் படுக்கையில் கிடப்பவருக்கு நாட்சம்பளம் கொடுப்பது இத்திட்டத்தின் நோக்கமல்ல.

இடம்பெயர்ந்தவர்கள் ஒரு விடயத்தில் கவனமாக இருக்க வேண்டும். உங்கள் பதிவு பழைய ஊரின் கிராம அலுவலர் பிரிவிலா, இப்போதிருக்கும் பிரிவிலா என்பதைச் சுகமாக இருக்கும்போதே நேர்செய்து கொள்ளுங்கள். அடையாள அட்டை, குடும்பப் பதிவு, கிளினிக் கொப்பி ஆகியவற்றின் பிரதிகளை ஒரே பையில் வையுங்கள். இவ்வுதவிகள் கிடைக்கக் காலமெடுக்கும். கிடைப்பதும் முழுச் செலவுக்குப் போதாது. அந்த இடைவெளியை யார் நிரப்புவது?

7. முப்பது வீடுகளின் பிடியரிசி

உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியைப் புறம்பாக எடுத்து வைக்கும் வழக்கம் எம்மவரிடம் உண்டு. ஒரு பிடி என்பது ஏறக்குறைய 50 கிராம். முப்பது வீடுகளில் நாளுக்கு ஒரு பிடி எடுத்தால் ஒன்றரைக் கிலோ. நாம் மேலே பார்த்த ஐந்து பேர் குடும்பத்தின் ஒருநாள் அரிசி இதுவே. ஆறு மாதத்துக்கு ஒரு வீடு கொடுப்பது 9 கிலோ. அதனால் எந்த வீடும் பட்டினி கிடக்காது. ஆனால் ஒரு நோயாளி மருந்தை இடையில் விடாமல் முடிப்பார்.

எமது முகாம்களிலும் குடியேற்றங்களிலும் மரணச் சகாய நிதி பல இடங்களில் உண்டு. செத்தவீட்டுக்குச் சேர்க்கும் நாம், உயிரோடிருப்பவர் சுகமாவதற்கும் சேர்க்கலாம். மாதர் சங்கமோ கமக்காரர் அமைப்போ இதனைப் பொறுப்பேற்கலாம். தொடங்குமுன் கூட்டத்தில் நான்கு விதிகளைத் தீர்மானித்து எழுதிக்கொள்ளுங்கள்:

• வைத்தியர் எழுதிய காலத்துக்கே உதவி. கிளினிக் கொப்பியைச் சங்கம் பார்க்க வேண்டும்.
• இது கடன் அல்ல, திருப்பிக் கேட்பதில்லை. சுகமான குடும்பம் தானும் பிடியரிசி எடுத்து வைக்கும்.
• ஒரே நேரத்தில் இரண்டு வீடுகளில் நோய் வந்தால் எவ்வாறு பங்கிடுவது என்பது முன்கூட்டியே முடிவாக வேண்டும்.
• வாரந்தோறும் சேர்ந்ததும் கொடுத்ததும் எல்லோரும் பார்க்கத்தக்கதாகக் கொப்பியில் பதியப்பட வேண்டும்.

எவருக்கும் நோய் இல்லாத மாதங்களில் சேரும் அரிசியை விற்று, அந்தக் காசைப் பஸ் செலவுக்கும் முட்டை, பருப்புக்குமான நிதியாக வைக்கலாம்.

கலந்துரையாடலுக்கு

1. எமது கிராமத்தில் கடந்த மூன்று ஆண்டுகளில் நீண்ட நோயில் விழுந்த குடும்பங்கள் எத்தனை? அவை எதை விற்றன? இன்று எந்நிலையில் உள்ளன?

2. உங்கள் வீட்டில் உழைப்பவர் இன்று படுத்தால் அடுத்த அறுவடைக்கு எத்தனை மாதம்? எத்தனை புசல் நெல் தேவை? கையில் எவ்வளவு உண்டு?

3. பிடியரிசியைத் தொடங்க எத்தனை வீடுகள் ஆயத்தம்? சேர்த்து வைப்பதற்கு எந்த வீட்டை எல்லோரும் நம்புகிறார்கள்?