போர் மோட்டாருக்குச் செம்புக் கேபிளா, அலுமினியமா?

கேள்வி: ஐயா, வேடசந்தூர் பக்கம் முருங்கையும் மக்காச்சோளமும் போட்டிருக்கிறேன். 350 அடியில் கிடைத்த தண்ணீர் இறங்கிவிட்டதால் போரை 650 அடிக்கு ஆழப்படுத்தி, பழைய கேபிளோடு ஒட்டுப்போட்டு 5 எச்.பி. மோட்டாரை இறக்கினோம். அதன்பிறகு இரண்டு முறை காயில் கருகிவிட்டது. எலக்ட்ரீசியன் முழுக்கச் செம்புக் கேபிளாக மாற்றச் சொல்கிறார். கடைக்காரர் அலுமினியமே போதும், விலையும் குறைவு என்கிறார். குழாயில் தண்ணீர் போவது போலத்தானே கம்பியில் கரண்ட் போகிறது? உலோகம் எதுவானால் என்ன?
– ஒரு விவசாயி, திண்டுக்கல் மாவட்டம்

பதில்: குழாய் நீளமானால் தண்ணீரின் வரத்து குறையும், குழாய் பருமனானால் கூடும். கம்பிக்கும் அதுவரை பொருந்தும். ஆனால் கம்பி உள்ளே வெற்றிடம் கொண்டதல்ல. உலோகத்தின் அணுக்களுக்கு நடுவேதான் மின்னணுக்கள் நகர வேண்டும். அந்த அணுக்கள் எப்படி நிற்கின்றன என்பதும் மின்தடையைத் தீர்மானிக்கிறது.

அணுக்கள் பிசகில்லாத வரிசையில் அசையாமல் நின்றால் அலைகளாகச் செல்லும் மின்னணுக்கள் தடையின்றிக் கடந்துவிடும். வெப்பத்தால் அணுக்கள் அதிரும்போதும், வேற்று அணுக்கள் கலக்கும்போதும் வரிசை குலைகிறது, அலைகள் சிதறுகின்றன. இந்தச் சிதறலை ஆராய்ந்தவர்களில் நம் பக்கத்து மனிதர் ஒருவர் உண்டு. வத்திராயிருப்பில் 1898இல் பிறந்து மதுரை அமெரிக்கன் கல்லூரியில் படித்த கே.எஸ். கிருஷ்ணன்தான் அவர். அலகாபாத்தில் பேராசிரியராக இருந்தபோது, ஏ.பி. பாட்டியாவுடன் சேர்ந்து உருகிய உலோகங்களின் மின்தடை பற்றி 1945இல் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். பின்னர் டெல்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் முதல் இயக்குநரானார். உலோகத்தின் உள் ஒழுங்குக்கும் அதன் மின்தடைக்கும் உள்ள உறவை அறிய உழைத்தவர்களால்தான், கலப்பும் வெப்பமும் ஏன் மின்தடையைக் கூட்டுகின்றன என்பது நமக்குப் புரிந்தது.

கலப்பு எவ்வளவு கெடுக்கும் என்பதற்குத் திண்டுக்கல் பூட்டுப் பட்டறைகளில் புழங்கும் பித்தளையே சாட்சி. செம்பில் 30 சதவீதம் துத்தநாகம் சேர்ந்த பித்தளை, தூய செம்பு கடத்துவதில் கால் பங்கைவிடச் சற்றே அதிகம்தான் கடத்தும். வெப்பமும் அப்படியே: 20 டிகிரியில் இருக்கும் செம்புக் கம்பி வெயிலில் 50 டிகிரியை எட்டினால் அதன் மின்தடை சுமார் 12 சதவீதம் ஏறிவிடும்.

இனி உங்கள் கணக்கு. 1 மீட்டர் நீளமும் 1 சதுர மில்லிமீட்டர் குறுக்குப் பரப்பும் உள்ள செம்புக் கம்பியின் மின்தடை, 20 டிகிரியில், 58இல் ஒரு பங்கு ஓம் என்று 1913இல் உலக அளவில் வரையறுத்தார்கள். ஆகவே நீளத்தை 58ஆலும் பிறகு பரப்பாலும் வகுத்தால் மின்தடை கிடைத்துவிடும். அலுமினியத்துக்கு 58க்குப் பதில் 35 போடுங்கள். 650 அடி என்பது சுமார் 200 மீட்டர். உங்களுடையது 2.5 சதுர மில்லிமீட்டர் கேபிள் என்று வைத்துக்கொண்டால், ஒரு கோருக்குச் செம்பில் 1.4 ஓம், அலுமினியத்தில் 2.3 ஓம். மோட்டார் 8 ஆம்பியர் இழுக்கிறது, பவர் ஃபேக்டர் 0.8 என்று கொண்டால், மூன்று பேஸில் செம்புக் கேபிள் ஏறக்குறைய 15 வோல்ட்டை விழுங்கும், அலுமினியம் 25 வோல்ட்டை விழுங்கும்.

415 வோல்ட் முழுதாக வந்தால் 25 வோல்ட் பெரிதில்லை. லோ வோல்டேஜில் வரும் 370இல் அதுவும் கழிந்தால் மோட்டாருக்கு 345தான் மிஞ்சும். மோட்டாரின் சுழற்று விசை வோல்டேஜின் வர்க்கத்துக்கு ஏற்பக் குறையும். 10 சதவீத வோல்டேஜ் குறைந்தாலே விசை 19 சதவீதம் போய்விடும். அதே தண்ணீரைத் தூக்க மோட்டார் கூடுதல் ஆம்பியர் இழுக்கும். வெப்பமோ ஆம்பியரின் வர்க்கத்தில் ஏறும். காயில் கருகுவதற்கு இதுவே பெரும்பாலும் காரணம். நீங்கள் ஆழத்தைக் கூட்டியபோது கேபிளின் நீளம் கூடியது, பருமன் கூடவில்லை.

அலுமினியம் மட்டமான உலோகம் அல்ல. எடைக்கு எடை பார்த்தால் அது செம்பைப்போல் இரு மடங்கு கடத்தும். உங்கள் தோட்டத்துக்குக் கம்பம் கம்பமாக வரும் லைனும், எஃகு நடுவே வைத்த அலுமினியக் கம்பிதான். 4 சதுர மில்லிமீட்டர் அலுமினியம், 2.5 செம்புக்கு ஈடாகும். சிக்கல் ஒட்டில் இருக்கிறது. காற்று பட்டவுடன் அலுமினியத்தின் மேல் மின்சாரம் கடத்தாத ஆக்சைடு படலம் படியும். திருகை இறுக்கி வைத்தாலும் நாளடைவில் உலோகம் நெகிழ்ந்து பிடி தளரும். மோட்டாரிலிருந்து வெளிவரும் ஒயர் செம்பு. அதை அலுமினியத்தோடு தண்ணீருக்குள் ஒட்டினால், ஈரம் பட்ட இடத்தில் அலுமினியம் அரித்துக்கொண்டே போகும்.

எனவே என் பரிந்துரை: போருக்குள் ஒரே நீளமான, ஒட்டில்லாத 4 சதுர மில்லிமீட்டர் செம்பு ஃப்ளாட் கேபிளை இறக்குங்கள். வோல்டேஜ் இழப்பு 10 வோல்ட் அளவுக்குள் நிற்கும். கம்பத்திலிருந்து பேனல் பெட்டி வரை பருமனான அலுமினியம் போதும். செம்போடு சேருமிடத்தில் இரு உலோகத்துக்கான லக் போட்டுக் கிரிம்ப் செய்யச் சொல்லுங்கள். வாங்கும்போது ஐ.எஸ். 694 என்ற குறியைப் பாருங்கள். கம்பி நுனியைக் கத்தியால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அது செம்பு பூசிய அலுமினியம். ஸ்டார்ட்டரில் ஓவர்லோடு ரிலேயை மோட்டார் தகட்டில் உள்ள ஆம்பியருக்கு வையுங்கள். லைனில் வரும் வோல்டேஜே எப்போதும் குறைவாக இருந்தால் கேபிள் மட்டும் காப்பாற்றாது. மின்வாரிய அலுவலகத்தில் எழுத்து மூலம் புகார் கொடுங்கள்.

போருக்குள் செம்புதான் என்பதில் உங்கள் எலக்ட்ரீசியன் சொன்னது சரி. கேபிளில் கூடுதலாகப் போடும் பணம், இன்னொரு முறை மோட்டாரைத் தூக்கி ரீவைண்டிங் செய்யும் செலவையும், அந்த நாட்களில் வாடும் பயிரையும் மிச்சப்படுத்தும்.