ஐயமற அறிந்த பகா எண்

சென்னையிலிருந்து மாமல்லபுரம் செல்லும் பழைய சாலையில், கேளம்பாக்கத்திற்குச் சற்று முன்பாகச் சிறுசேரி அமைந்துள்ளது. மென்பொருள் நிறுவனங்கள் சூழ்ந்த அவ்வளாகத்தில் சென்னை கணிதவியல் கழகம் இயங்கி வருகிறது. செங்கல்பட்டில் பள்ளிக்கல்வி முழுவதையும் பயின்ற கணித அறிஞர் சி. எஸ். சேஷாத்ரி, 1989ஆம் ஆண்டு நிறுவிய அமைப்பு இது. ஸ்பிக் அறிவியல் அறக்கட்டளையின் கணிதப் பள்ளியாகச் சென்னை நகருக்குள் தோன்றிப் பின்னரே சிறுசேரிக்கு இடம்பெயர்ந்தது. அதன் தொடக்கக் காலத்தில், 1993 முதல் 1995 வரை, அங்கு ஆய்வாளராக விளங்கியவர் மணீந்திர அகர்வால். ஓர் எண் பகா எண்ணா, அன்றா என்பதை விரைவாகவும் ஐயமறவும் அறிய இயலுமா என்னும் நெடுநாளைய வினாவுக்குப் பின்னாளில் விடை கண்ட மூவருள் அவர் ஒருவர்.

வினா எளிமையானதாகவே தோன்றும். 97 பகா எண்ணா என்றறிய 2, 3, 5, 7 ஆகியவற்றால் வகுத்துப் பார்த்தால் போதும். எண் பெரிதாகும்போது இம்முறை கைகொடுப்பதில்லை. இரண்டு இலக்கங்கள் கூடினாலே வேலை ஏறத்தாழப் பத்து மடங்காகிவிடும். நூறு இலக்க எண்ணொன்றை இவ்வாறு ஆராய்ந்து முடிக்க, உலகிலுள்ள கணினிகள் அனைத்தும் ஒன்றுசேர்ந்தாலும் இயலாது.

ஆகவே, வகுத்துப் பாராமலே உண்மையை அறியும் வழி தேவைப்பட்டது. 2இன் அடுக்கொன்றிலிருந்து 1ஐக் கழித்துப் பெறும் எண்கள் மெர்சென் எண்கள் எனப்படும். பிரெஞ்சுத் துறவியான மெர்சென், 1644இல் வெளியிட்ட பகா எண் பட்டியலில் 67ஆம் அடுக்கையும் சேர்த்திருந்தார். அது பகா எண் அன்று என 1876இல் லூக்கா நிறுவினார். வியப்பு யாதெனில், அதன் காரணிகளுள் ஒன்றைக்கூட அவர் அறிந்திருக்கவில்லை! 193707721, 761838257287 என்னும் அக்காரணிகளைக் கோல் என்பவர் 1903இல்தான் வெளியிட்டார்.

லூக்காவின் முறையைப் பின்னர் லேமர் செம்மைப்படுத்தினார். 4இல் தொடங்கி, ஒவ்வொரு முறையும் எண்ணை வர்க்கப்படுத்தி 2ஐக் கழித்து, ஆராயும் எண்ணால் வகுத்து மீதியை மட்டும் கொள்ள வேண்டும். 2இன் 5ஆம் அடுக்கிலிருந்து 1ஐக் கழித்தால் 31. இங்கு 4ஐ அடுத்து 14 வரும். அதனை அடுத்து வரும் 194ஐ 31ஆல் வகுக்க மீதி 8. 8இன் வர்க்கத்தில் 2 குறைய 62. அதனை 31ஆல் வகுக்க மீதி சுழியம். அடுக்கைவிட இரண்டு குறைவான படிகளில் சுழியம் கிடைப்பின் அது பகா எண், இன்றேல் அன்று.

கணினிக்கு மிகவும் ஏற்ற கணக்கு இது. 1952இல் ராபின்சன் ஒரே ஆண்டில் ஐந்து மெர்சென் பகா எண்களைக் கணினிவழிக் கண்டறிந்தார். 1996இல் தொடங்கிய கிம்ப்ஸ் என்னும் கூட்டுமுயற்சி, உலகெங்கும் உள்ள ஆர்வலர்களின் கணினிகளை இத்தேடலில் ஈடுபடுத்தியது. 2024 அக்டோபர் 11 அன்று, லூக் டுரான்ட் இயக்கிய டப்ளின் நகரக் கணினியொன்று, 2இன் 136279841ஆம் அடுக்கிலிருந்து 1ஐக் கழித்த எண் ‘பெரும்பாலும் பகா எண்’ என்று அறிவித்தது. ‘பெரும்பாலும்’ என்னும் சொல்லைக் கணிதம் ஏற்பதில்லை. மறுநாள் சான் அன்டோனியோவிலிருந்த கணினி, லூக்கா–லேமர் சோதனையால் அதனை உறுதிசெய்தது. அவ்வெண்ணின் இலக்கங்கள் 41024320. பக்கத்திற்கு மூவாயிரம் இலக்கங்களாக அச்சிட்டால், ஐந்நூறு பக்க நூல்கள் இருபத்தெட்டு வேண்டும்.

எனினும், இச்சோதனை மெர்சென் எண்களுக்கு மட்டுமே உரியது. எல்லா எண்களுக்கும் பொருந்திய விரைவான முறைகள் வாய்ப்பையோ மெய்ப்பிக்கப்படாத கருதுகோளையோ சார்ந்திருந்தன. கான்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் அகர்வாலும், அவருடைய மாணவர்களான நீரஜ் கயல், நிதின் சக்சேனா ஆகியோரும் 2002 ஆகஸ்டில் அக்குறையை நீக்கினர். அவர்கள் பற்றிய இழை, மேல்நிலை மாணவர் நன்கறிந்த ஈருறுப்புத் தேற்றமே. 5ஆம் அடுக்கின் கெழுக்கள் 1, 5, 10, 10, 5, 1. இடையிலுள்ளவை யாவும் 5ஆல் வகுபடும். 4ஆம் அடுக்கின் கெழுக்கள் 1, 4, 6, 4, 1. இங்கு 6 வகுபடாது. இப்பண்பு பகா எண்களுக்கே உரியது. ஆயின், பேரெண்ணுக்குக் கெழுக்களும் எண்ணிலடங்கா. சிறிய பல்லுறுப்புக்கோவையொன்றால் வகுத்து மீதியைமட்டும் ஒப்பிட்டாலும் உண்மை வழுவாது என்று மெய்ப்பித்ததே அவர்களின் அருஞ்செயல். அதற்காக 2006இல் கோடல் பரிசு பெற்றனர். நடைமுறையில் இம்முறை மெதுவானது; மாபெரும் எண்களைத் தேடுவோர் இன்றும் லூக்காவையே நாடுகின்றனர்.