எழுநூற்றுத் தொண்ணூறு ஆட்டங்கள்

நுழையும்முன்

கால்பந்தாட்டத்தில் கோல் அடித்தவரின் பெயர் மறுநாள் நாளிதழில் இடம்பெறும். கோல் விழாமல் காத்தவரின் பெயர் பெரும்பாலும் இடம்பெறுவதில்லை. அடிக்கப்பட்ட கோல்களுக்குக் கணக்கு உண்டு. தடுக்கப்பட்டவற்றுக்கு எவரும் கணக்கு வைப்பதில்லை. அத்தகைய பணியைப் பதினேழு ஆண்டுகள் ஒரே கழகத்துக்காகச் செய்தவர் ஸ்காட்லாந்து நாட்டின் பில்லி மெக்நீல். அவரது ஆட்ட வாழ்வையும், அவரது தலைமுறை ஆட்டக்காரர்கள் அவ்விளையாட்டுக்காகக் கொடுத்த விலையையும் இப்பாடம் எடுத்துரைக்கிறது.

பிறப்பும் ஊரும்

கிளாஸ்கோ நகரின் தென்கிழக்கே அமைந்த பெல்ஷில், நிலக்கரிச் சுரங்கங்களாலும் இரும்பு ஆலைகளாலும் வளர்ந்த சிற்றூர். வேலை தேடி அயர்லாந்திலிருந்தும் லிதுவேனியாவிலிருந்தும் வந்த குடும்பங்கள் அங்கே வேரூன்றின. அவ்வூரில் 1940ஆம் ஆண்டு மார்ச் 2ஆம் நாள் பில்லி மெக்நீல் பிறந்தார். தந்தை படைவீரர், தாய்வழி முன்னோர் லிதுவேனியர். தந்தையின் பணி காரணமாகச் சில காலம் இங்கிலாந்தின் ஹெரிபோர்டு நகரில் வாழ நேர்ந்தபோது, சிறுவன் மெக்நீல் பள்ளியில் ஆடியது ரக்பி ஆட்டத்தை. கால்பந்து அவருக்கு உரியதானது ஸ்காட்லாந்துக்குத் திரும்பிய பின்னரே.

மதர்வெல் நகரப் பள்ளியில் பயின்று, பிளாண்டயர் விக்டோரியா என்னும் இளையோர் அணியில் ஆடிக்கொண்டிருந்த அவரை 1957இல் செல்டிக் கழகம் சேர்த்துக்கொண்டது. அப்போது அக்கழகத்தின் இரண்டாம் நிலை அணிக்குப் பயிற்சியளித்து வந்தவர் ஜாக் ஸ்டீன். சுரங்கத் தொழிலாளியாக இருந்து ஆட்டக்காரரானவர். அவரும் மையத் தடுப்பாளராக ஆடியவரே. எந்த இடத்தில் நிற்பது, எப்போது முன்னேறுவது, எப்போது பொறுத்திருப்பது என்பனவற்றை இளைஞர் மெக்நீல் அவரிடமே கற்றார். ஆயினும் 1960இல் ஸ்டீன் வேறு கழகத்தின் மேலாளராகச் சென்றுவிட்டார்.

தெரிந்து தெளிவோம்

செல்டிக் கழகம் 1887இல் தோற்றுவிக்கப்பட்டது. கிளாஸ்கோவின் கிழக்குப் பகுதியில் வறுமையில் வாடிய அயர்லாந்துக் குடியேறிகளின் பிள்ளைகளுக்கு உணவளிக்க நிதி திரட்டுவதே அதன் முதல் நோக்கம். அதனைத் தோற்றுவித்த வால்பிரிட் என்பவர் ஒரு துறவி.

தோல்வியில் தொடங்கிய காலம்

மெக்நீல் 1958 ஆகஸ்டில் செல்டிக் முதல் அணியில் ஆடத் தொடங்கினார். அடுத்த ஆறேழு ஆண்டுகள் அக்கழகத்துக்கு வறண்ட காலமாக அமைந்தன. திறமைக்குக் குறைவில்லை, வழிநடத்துதலே இல்லை. கோப்பைகள் எட்டாமற் போயின. நாட்டணியிலும் தொடக்கம் நன்றாக அமையவில்லை. 1961 ஏப்ரலில், இருபத்தொரு வயதில், லண்டன் வெம்பிளி அரங்கில் இங்கிலாந்துக்கு எதிராக ஸ்காட்லாந்துக்காக முதன்முதலாகக் களமிறங்கினார். அன்று ஸ்காட்லாந்து 9-3 என்னும் கணக்கில் தோற்றது. ஒரு தடுப்பாளரின் முதல் பன்னாட்டு ஆட்டத்தில் ஒன்பது கோல்கள்! அத்துடன் பலரது நாட்டணி வாழ்வு முடிந்துபோயிருக்கும். மெக்நீலோ மேலும் இருபத்தெட்டு முறை ஸ்காட்லாந்தின் சீருடையை அணிந்தார். 1958க்கும் 1974க்கும் இடையில் ஸ்காட்லாந்து உலகக் கோப்பைப் போட்டிக்குத் தகுதி பெறாமையால், அம்மேடையில் ஆடும் வாய்ப்பு மட்டும் அவருக்கு வாய்க்கவேயில்லை.

1965 மார்ச்சில் ஜாக் ஸ்டீன் செல்டிக்குக்கு மேலாளராகத் திரும்பினார். ஆறு வாரங்களுக்குப் பின்னர், ஏப்ரல் 24ஆம் நாள், ஹாம்ப்டன் பார்க் அரங்கில் ஒரு லட்சத்துக்கும் மிகுதியான மக்கள் முன்னிலையில் ஸ்காட்டிஷ் கோப்பையின் இறுதியாட்டம் நடைபெற்றது. எதிரணி டன்பெர்ம்லின், ஸ்டீன் செல்டிக்கை விட்டுச் சென்று முதலில் வளர்த்த அணி. இருமுறை அவ்வணி முந்தியது. இருமுறையும் பெர்ட்டி ஆல்ட் சமன் செய்தார். ஆட்டம் முடிய ஏறத்தாழ ஒன்பது நிமிடங்கள் எஞ்சியிருந்தபோது செல்டிக்குக்கு முனை உதை கிடைத்தது. களத்தின் மூலையிலிருந்து சார்லி கல்லாகர் பந்தைத் தூக்கி உதைத்தார். தடுப்பாளர் மெக்நீல் தம் இடத்தை விட்டு முன்னேறி வந்து, அனைவரையும் விட உயரமாக எழும்பி, தலையால் முட்டிப் பந்தை வலைக்குள் செலுத்தினார். செல்டிக் 3-2 என வென்றது. அக்கழகம் ஸ்காட்டிஷ் கோப்பையை வென்று பதினோராண்டுகள் ஆகியிருந்தன. 1954இல் அக்கோப்பையை ஏந்திய அணித்தலைவர் வேறு எவருமல்லர், ஜாக் ஸ்டீனே. ஸ்காட்லாந்தின் கால்பந்து எழுத்தாளர்கள் ஆண்டின் சிறந்த ஆட்டக்காரருக்கான விருதை முதன்முதலாக வழங்கியதும் அவ்வாண்டிலேதான். அதனைப் பெற்றவர் மெக்நீல்.

செல்டிக்கின் வரலாற்றை எழுதுவோர் பலரும் அந்த ஒரு கோலையே திருப்புமுனையாகக் கொள்வர். அது மிகையன்று. தொடர்ந்து வந்த ஆண்டிலிருந்து 1974 வரை லீக் பட்டத்தை ஒன்பது முறை இடைவிடாது வென்றது அக்கழகம்.

தடுப்பாளரின் கலை

மையத் தடுப்பாளர் என்பவர் கோல்காவலருக்கு முன்னால், அணியின் நடுவே நிற்பவர். எதிரணியின் முன்கள ஆட்டக்காரரை நிழல்போல் தொடர்வதும், வானில் வரும் பந்தைத் தலையால் முட்டி அப்புறப்படுத்துவதும், தம்மவர் பிசகும் இடத்தை முன்னறிந்து அங்கே சென்று நிற்பதும் அவரது கடமைகள். ஓடுவதைவிட நிற்கத் தெரிவதே இப்பணியில் முதன்மை. அவர் ஒரே ஒரு முறை தவறினாலும் அத்தவறு அரங்கம் முழுவதற்கும் தெரிந்துவிடும்.

மெக்நீல் ஓங்கிய உயரமும் நிமிர்ந்த நடையும் உடையவர். சக ஆட்டக்காரர்கள் அவரைச் 'சீசர்' என அழைத்தனர். உரோமப் பேரரசரை எண்ணி இட்ட பெயர் இது எனப் பலரும் கருதுவது இயல்பே. உண்மையில் அது சீசர் ரொமேரோ என்னும் திரைப்பட நடிகரின் பெயர். கொள்ளையரைப் பற்றிய திரைப்படமொன்றில் அந்நடிகர் தோன்றினார். அந்நாளில் தோழர்களிடையே மகிழுந்து வைத்திருந்தவர் மெக்நீல். எளிய கேலியாகப் பிறந்த பெயர் பிற்காலத்தில் பேரரசரின் பெயராகவே ஒலிக்கத் தொடங்கியது வரலாற்றின் வேடிக்கை.

தடுப்பாளராயினும் முனை உதைகளின்போது முன்னேறிச் சென்று கோல் அடிப்பது அவரது வழக்கம். 1967 மார்ச்சில் ஐரோப்பியக் கோப்பையின் காலிறுதியில் யூகோஸ்லாவிய அணியான வோய்வோதினாவைச் செல்டிக் எதிர்கொண்டது. முதற்சுற்றில் 1-0 எனத் தோற்றிருந்த அணி, கிளாஸ்கோவில் நடந்த இரண்டாம் சுற்றில் 1-0 என முந்தி நின்றது. மொத்தக் கணக்கு சமம். இறுதி நிமிடத்தில் ஒரு முனை உதை. உதைத்தவர் மீண்டும் சார்லி கல்லாகர். முட்டியவர் மீண்டும் மெக்நீல். செல்டிக் அரையிறுதிக்குச் சென்றது.

லிஸ்பன், 1967

அவ்வாண்டு மே 25ஆம் நாள் போர்ச்சுகல் தலைநகர் லிஸ்பனில் ஐரோப்பியக் கோப்பையின் இறுதியாட்டம் நடைபெற்றது. எதிரணி இத்தாலியின் இண்டர் மிலான். 1964, 1965 ஆகிய இரு ஆண்டுகளிலும் அக்கோப்பையை வென்ற அணி அது. அதன் மேலாளர் எலேனியோ எரேரா, தற்காப்பையே ஆட்டத்தின் உயிராகக் கொண்டவர். ஒரு கோல் அடித்துவிட்டுத் தாழிட்ட கதவுபோல் நின்றுவிடுவது அவ்வணியின் உத்தி; இத்தாலிய மொழியில் அவ்வுத்திக்குத் தாழ்ப்பாள் என்னும் பொருளுடைய பெயரே வழங்கிற்று.

செல்டிக் அணியினர் அனைவரும் கிளாஸ்கோவைச் சுற்றி முப்பது மைல் தொலைவுக்குள் பிறந்தவர்கள். பெரும்பணம் கொடுத்து உலகெங்குமிருந்து ஆட்டக்காரர்களைச் சேர்க்கும் இன்றைய சூழலில் இதனை எண்ணிப் பார்ப்பதும் கடினம். ஏழாம் நிமிடத்தில் மத்சோலா பெனால்டி உதையால் இண்டருக்குக் கோல் அடித்தார். தாழ் விழுந்தது. ஆயின் செல்டிக் அணி அலையலையாகத் தாக்கியது. 63ஆம் நிமிடத்தில் டாமி கெம்மெல் தொலைவிலிருந்து உதைத்துச் சமன் செய்தார். அவரும் ஒரு தடுப்பாளரே. 84ஆம் நிமிடத்தில் ஸ்டீவி சால்மர்ஸ் வெற்றிக் கோலை அடித்தார்.

ஆட்டம் முடிந்ததும் மக்கள் வெள்ளம் களத்தை நிறைத்தது. அதனால் அணியினர் ஒன்றாகச் சென்று கோப்பையைப் பெற இயலவில்லை. அணித்தலைவர் மெக்நீல் மட்டும் கூட்டத்தைக் கடந்து மேடையேறி அக்கோப்பையைத் தலைக்குமேல் உயர்த்தினார். பிரித்தானியக் கழகம் ஒன்று ஐரோப்பியக் கோப்பையை வென்றது அதுவே முதன்முறை. கதிரவன் ஒளியில் தனியொருவராக அவர் கோப்பையேந்தி நிற்கும் ஒளிப்படம் புகழ்பெற்றது. 2015இல் செல்டிக் அரங்கின் முன் நிறுவப்பட்ட அவரது சிலையும் கோப்பையை உயர்த்திய கோலத்திலேயே நிற்கிறது. தோழர்களோடு சேர்ந்து அதனைப் பெறாதது குறையே என்றாலும், அந்தத் தனிமையே அப்படத்துக்கு அழகூட்டியது எனலாம்.

மூன்றாண்டுகள் கழித்து, 1970 மே 6ஆம் நாள், மிலான் நகரில் மற்றோர் இறுதியாட்டம். எதிரணி நெதர்லாந்தின் பெய்னூர்ட். ஆட்டம் 1-1 எனச் சமனாகிக் கூடுதல் நேரத்துக்கு நீண்டது. 117ஆம் நிமிடத்தில் உயரமாக வந்த பந்தைத் தடுக்கப் பின்னோக்கி நகர்ந்த மெக்நீல் தடுமாறினார். கை பந்தின்மீது பட்டது. நடுவர் ஊதலை ஒலிக்கும் முன்னரே சின்ட்வால் பந்தைக் கைப்பற்றிக் கோல் அடித்துவிட்டார். லிஸ்பனில் கோப்பையேந்திய அதே மனிதர் மிலானில் தோற்ற அணியின் தலைவராக நின்றார்.

1975 மே 3ஆம் நாள் ஸ்காட்டிஷ் கோப்பையை 3-1 என வென்ற ஆட்டத்தோடு, முப்பத்தைந்தாம் வயதில் மெக்நீல் விடைபெற்றார். செல்டிக்குக்காக அவர் ஆடியவை 790 போட்டிகள். அவற்றுள் ஒன்றில்கூட மாற்று ஆட்டக்காரருக்கு இடம்விட்டு அவர் வெளியேறியதில்லை. ஒன்பது லீக் பட்டங்கள், ஏழு ஸ்காட்டிஷ் கோப்பைகள், ஆறு லீக் கோப்பைகள், ஓர் ஐரோப்பியக் கோப்பை என்பன அவர் பெற்ற வெற்றிகள். பின்னர் இருமுறை செல்டிக்கின் மேலாளராகப் பணியாற்றி மேலும் எட்டுக் கோப்பைகளை ஈட்டித் தந்தார்.

தலை கொடுத்த விலை

2017இல் அவரது குடும்பத்தார் ஒரு செய்தியை வெளியிட்டனர். மெக்நீல் மறதிநோயால் துன்புறுகிறார். பேசும் ஆற்றலைப் பெரிதும் இழந்துவிட்டார் என்பதே அது. 2019 ஏப்ரல் 22ஆம் நாள், தம் 79ஆம் வயதில் அவர் மறைந்தார். ஒரு வாரம் கழித்து, லிஸ்பனில் வெற்றிக் கோல் அடித்த ஸ்டீவி சால்மர்சும் மறைந்தார். அவரும் அதே நோயால் வருந்தியவர்.

இது தற்செயலா என்னும் வினா ஸ்காட்லாந்தில் அதற்கு முன்பே எழுந்திருந்தது. கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தின் நரம்பு நோயியல் வல்லுநர் வில்லி ஸ்டூவர்ட் தலைமையிலான குழு, ஸ்காட்லாந்தின் முன்னாள் தொழில்முறை ஆட்டக்காரர்கள் 7,676 பேரின் இறப்புப் பதிவுகளைப் பொதுமக்களின் பதிவுகளோடு ஒப்பிட்டு ஆராய்ந்தது. முடிவு 2019 அக்டோபரில் வெளிவந்தது. இதயநோயாலும் நுரையீரல் புற்றுநோயாலும் ஆட்டக்காரர்கள் இறப்பது குறைவு. ஆனால் மூளை நரம்புச் சிதைவு நோய்களால் இறப்பது பிறரைவிட ஏறத்தாழ மூன்றரை மடங்கு மிகுதி. 2021இல் அதே குழு ஆட்டக்காரர்களை அவரவர் ஆடிய இடம் நோக்கிப் பிரித்துப் பார்த்தது. பந்தைக் கைகளால் பிடிக்கும் கோல்காவலர்களுக்கு நோய் வாய்ப்பு பொதுமக்களைவிடக் குறிப்பிடத்தக்க அளவு கூடவில்லை. மிக உயர்ந்த அளவு தடுப்பாளர்களுக்கே, ஏறத்தாழ ஐந்து மடங்கு.

தலையால் முட்டியதே இதற்குக் காரணம் என அவ்வாய்வு நேரடியாக மெய்ப்பிக்கவில்லை. எத்தனை முறை ஒருவர் பந்தை முட்டினார் என்னும் கணக்கு எப்பதிவிலும் இல்லை. ஆயினும் களத்தில் எவர் மிகுதியாகத் தலையால் முட்டுகிறாரோ அவருக்கே நோயும் மிகுதி என்பதைப் புறந்தள்ள இயலாது. அக்காலத் தோல்பந்து மழையில் நீரை உறிஞ்சிக் கனத்தது என்பர்; அது உண்மையே. இன்றைய பந்து நீரை உறிஞ்சுவதில்லை என்றாலும் உலர்ந்த நிலையில் இரண்டின் எடையும் ஏறத்தாழ ஒன்றே. விரைவோ இன்றைய பந்துக்கே கூடுதல். பழைய பந்தின்மீது பழிபோட்டு அமைதியடைய இதனால் வழியில்லை.

ஸ்காட்லாந்துக் கால்பந்துச் சங்கம் 2020இல் பன்னிரண்டு வயதுக்குட்பட்ட சிறாருக்குப் பயிற்சியின்போது பந்தைத் தலையால் முட்டுவதற்குத் தடை விதித்தது. 2022இல் தொழில்முறை ஆட்டக்காரர்களுக்கும் கட்டுப்பாடு வந்தது: போட்டிக்கு முந்திய நாளிலும் பிந்திய நாளிலும் தலையால் முட்டும் பயிற்சி கூடாது, மற்ற நாள்களிலும் வாரத்துக்கு ஒரு முறை மட்டுமே. தொழில்முறைப் போட்டியின்போது முட்டுவதற்குத் தடை ஏதுமில்லை. முனை உதை கிடைத்ததும் உயரமான தடுப்பாளர் தம் இடத்தை விட்டு எதிரணியின் கோலை நோக்கிச் செல்கிறார். அரங்கத்தில் இருப்போர் எழுந்து நிற்கின்றனர்.