வாரண்டு ஆபீஸர்

படை என்றவுடன் நம் நினைவிற்கு வருவோர் இருதிறத்தார். ஆணையிடும் தலைவர் ஒரு திறத்தார். அவ்வாணையைத் தலைமேற்கொண்டு நடக்கும் வீரர் மற்றொரு திறத்தார். இவ்விரு திறத்தார்க்கும் இடையே மூன்றாமவர் ஒருவர் உளர். அவர் கீழ்ப்படியிலே தொடங்கித் தம் தொழிலறிவால் ஏறி வந்தவர். ஆயினும் தலைவர் வரிசையிலே சேராதவர். இந்திய விமானப்படையில் அவர்க்கு வாரண்டு ஆபீஸர் என்று பெயர். தரைப்படையில் அவரோடு ஒத்த நிலையினர் சுபேதார் ஆவர். அவ்விடைநின்றாரைப் பற்றி நம் கல்லூரி மாணவர்க்குச் சில கூற விழைகின்றேன்.

வாரண்டு என்னும் சொல், பிடிவாரண்டு என்ற வழக்கினால், நம் ஊர்களில் நற்பெயர் இழந்து நிற்கின்றது. ஆயினும் போலீஸார் கொண்டுவரும் அவ்வோலைக்கும் இதற்கும் அடிப்படைப் பொருள் ஒன்றே. அதிகாரம் அளிக்கும் எழுத்து என்பதே அது. முற்காலத்து ஆங்கிலக் கடற்படையில் கப்பித்தானும் லெப்டினன்டும் அரசன் பெயரால் கமிஷன் பெற்றனர். பாய்மரமும் கயிறும் காத்தவன், பீரங்கி காத்தவன், கப்பல் தச்சன் ஆகியோரோ அதனினும் தாழ்ந்த வாரண்டு பெற்றனர். போர் முடிந்து கப்பலைத் துறையிலே கட்டிவைத்தால் கப்பித்தான் தன் ஊர் செல்வான். தச்சன் முதலாயினோர் கப்பலோடே தங்குவர். தலைவர் மாறினும் தாம் மாறாது, பொருளின் இயல்பறிந்து அதனைக் காப்போர் என்பதே இப்பதவியின் வேர்.

தஞ்சை நாட்டார்க்கு இதனை விளக்க வேறோர் உவமை தேடவேண்டுவதில்லை. காவிரிப் பாசனத்தில் மதகுகளை ஏற்றி இறக்கிக் காப்பவரை நாம் லஸ்கர் என்கின்றோம். அஃது, சேனை எனப் பொருள்படும் லஷ்கர் என்ற பாரசீகச் சொல்லின் வழிவந்தது. பீரங்கிப் படையிலும் கப்பலிலும் ஏவல் செய்தோர்க்கு வழங்கிய அச்சொல், நம் வாய்க்காற்கரைக்கும் வந்து சேர்ந்தது. பொறியாளர் சில ஆண்டுகளில் மாறிப்போவார். எந்த மதகின் பலகை எவ்வளவு ஏறினால் எந்த வயலிலே நீர் ஏறும் என்பது, அக்கரையிலேயே தலை நரைத்த லஸ்கருக்குத் தெரியும்.

பண்டைத் தமிழ் வேந்தர் படைத்தலைவர்க்கு ஏனாதிப் பட்டமும் மோதிரமும் அளித்தனர் என்று இலக்கியம் பயில்வோர் அறிவர். 1010ஆம் ஆண்டிலே நிறைவுற்ற தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டுகளிலும் தெரிந்த கைக்கோளர் முதலிய படைப்பிரிவுகளின் பெயர்கள் நிறைந்துள்ளன. ‘தெரிந்த’ என்பதற்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட என்பது பொருள். வேந்தன் பெயரையும் படையின் பெயரையும் கல் தாங்குகின்றது. இடையே நின்று அப்படையைப் பழக்கியோரை நாம் அத்துணைத் தெளிவாக அறியக்கூடவில்லை. கும்பெனியார் காலத்துச் சென்னைப் பட்டாளங்களில் அவர்க்குச் சுபேதார், ஜமேதார் என்னும் பெயர்கள் நிலைத்தன. எத்துணை ஆண்டு உழைத்த சுபேதாரும் நேற்று வந்த ஆங்கிலத் தலைவனுக்குக் கீழ்ப்பட்டவரே என்பது அக்காலத்து விதி. ஜமேதார் என்னும் பெயர் 1965ஆம் ஆண்டில் நாயப் சுபேதார் என மாற்றப்பட்டது.

விமானப்படையில் இப்பதவியின் பெருமையை ஒருவர் வாழ்க்கையால் அறியலாம். 1933ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாளன்று, கராச்சியின் டிரிக் ரோடு என்னுமிடத்தில், 4 வபிட்டி விமானங்களும் 6 ஆபீஸர்களும் 19 ஹவாய் சிப்பாய்களும் கொண்டு நம் முதல் ஸ்குவாட்ரன் அமைந்தது. அச்சிப்பாய்களில் ஒருவர் ஹர்ஜிந்தர் சிங். லாகூரில் பொறியியல் பயின்றவர். கையில் எண்ணெய் படியும் சிப்பாய்த் தொழிலை அவர் இழிவாக எண்ணவில்லை. வாரண்டு ஆபீஸராக உயர்ந்து, 1942ஆம் ஆண்டு பர்மாப் போர்முனைக்கு மஜும்தாரின் தலைமையில் அந்த ஸ்குவாட்ரனோடு சென்றார். அவர்களிடம் இருந்தவை லைசாண்டர் விமானங்கள். அவை பகைவர் நிலையை வேவு பார்த்தற்கென அமைந்தனவேயன்றிக் குண்டெறிதற்கு உரியன அல்ல. அவற்றில் குண்டு தாங்கும் அமைப்பைப் பொருத்திப் போருக்கு உதவச் செய்ததில் ஹர்ஜிந்தர் சிங்கின் கைத்திறன் பெரிது. அவ்வாண்டே அவர் கமிஷன் பெற்றார். பின்னர் ஏர் வைஸ் மார்ஷல் ஆனார். கான்பூரில் அவர் பொறுப்பில் உருவான அவ்ரோ விமானம் 1961ஆம் ஆண்டில் பறந்தது. சிப்பாயாகச் சேர்ந்த ஒருவர் நாட்டிற்கு விமானம் ஆக்கித் தந்தார் என்றால், அதற்கு அடிப்படை அவர் வாரண்டு ஆபீஸராக இருந்து கற்ற கல்வியே என்பது என் துணிபு.

இக்காலத்தில் ஏறும் படிகள் இவை. விமானவீரராகச் சேர்ந்தவர் கார்ப்பொரல், சார்ஜென்ட் என உயர்வர். தோளிலே கார்ப்பொரலுக்கு இரண்டு பட்டையும் சார்ஜென்டுக்கு மூன்று பட்டையும் உண்டு. அதன் மேல் ஜூனியர் வாரண்டு ஆபீஸர், வாரண்டு ஆபீஸர், மாஸ்டர் வாரண்டு ஆபீஸர் என மூன்று படிகள். தொழிற் பரீட்சை, மேலோர் எழுதும் குறிப்பு, பணிமூப்பு ஆகிய மூன்றும் கூடியே ஒருவரை உயர்த்தும். மூப்பு ஒன்றே போதும் என்று கருதிச் சோம்பியிருப்போர் சார்ஜென்டாகவே தங்கிவிடுதலும் உண்டு. மிகச் சிறந்த மாஸ்டர் வாரண்டு ஆபீஸர்க்குக் குடியரசு நாளிலும் சுதந்திர நாளிலும் கௌரவ ஆபீஸர் பட்டம் அளிக்கப்படும்.

ஆயின், இருபத்திரண்டு வயது ஆபீஸர் ஒருவருக்கு, அவர் தந்தையை ஒத்த வாரண்டு ஆபீஸர் சலாம் இடவேண்டும் அன்றோ? இதனை இழிவென்பார் பலர். எனக்கு அவ்வாறு தோன்றவில்லை. அந்த இளைஞர் ஏறிப் பறக்கும் விமானம் பறக்கத் தக்கதா என்பதை அம்மூத்தவரும் அவர் கீழ் உழைப்போருமே உறுதி செய்கின்றனர். சலாம் பெற்றவர் தம் உயிரை அவர்கள் கையெழுத்தை நம்பியே ஒப்புவிக்கின்றார். உரோமப் படையில் நூற்றுக்கு அதிபதி எனப்பட்டோரும் பெரும்பாலும் வீரராய்த் தொடங்கி உயர்ந்தவரே. சுவிசேஷத்திலே கப்பர்நகூம் அதிபதி தம் நிலையை உரைக்குமிடத்து, தாம் பிறர்க்குக் கீழ்ப்பட்டிருத்தலை முன்னும், தமக்குக் கீழ்ப் போர்வீரர் இருத்தலைப் பின்னும் வைத்தமை கருதத்தக்கது.

நம் தஞ்சைக்கும் இதற்கும் உள்ள தொடர்பு இப்போது நெருக்கமாயிற்று. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் விமானத்தளமாய் விளங்கிய இடம், 2013ஆம் ஆண்டு மே 27ஆம் நாள் விமானப்படை நிலையமாகத் திறக்கப்பட்டது. 2020ஆம் ஆண்டு ஜனவரி 20ஆம் நாள், புலிச்சுறா எனப் பெயரிய 222ஆம் ஸ்குவாட்ரன் சுகோய்-30 விமானங்களோடு அங்கே அமர்ந்தது. தென்னாட்டில் அவ்வகை விமானங்கட்கு இதுவே முதல் ஸ்குவாட்ரன். நாற்று நடும் மகளிர் நிமிர்ந்து பார்க்கும் அவ்விமானங்களை ஓட்டுவோர் சிலர்; பேணுவோர் மிகப் பலர். அவ்வினைக்கு வேண்டும் இயந்திரத் தொழிற்பயிற்சியும் தாம்பரத்திலேயே அளிக்கப்படுகின்றது.

ஆயின் வாயில் முன்போல் அகன்றதாக இல்லை. முன்னர்ச் சேர்ந்தோர்க்கு இருபது ஆண்டுப் பணி உறுதியாயிருந்தது. 2022ஆம் ஆண்டு ஜூன் திங்களில் அறிவிக்கப்பட்ட அக்னிபத் திட்டத்தின்படி, பதினேழரை முதல் இருபத்தொரு வயதிற்குட்பட்டோர் அக்னிவீர் வாயுவாக நான்கே ஆண்டுகட்குச் சேர்க்கப்படுகின்றனர். பெண்களும் சேர்கின்றனர், கணிதமும் பௌதிகமும் பயிலாதார்க்கும் இடமுண்டு. நான்காண்டின் இறுதியில் நூற்றுக்கு 25க்கு மேற்படாதவரே நிலையான பணிக்குத் தேர்ந்துகொள்ளப்படுவர். ஏனையோர் ஒரு தொகையோடு வீடு திரும்பவேண்டும். படையை இளமையாக்குதல் இதன் நோக்கம் என்பர். அந்நோக்கம் தகாததன்று. எனினும் வாரண்டு ஆபீஸரின் அறிவு இளமையில் விளைவதன்று. சேர்வோருள் முக்கால்வாசிப் பேர்க்கு அப்படியை நோக்கும் வாய்ப்பே இல்லாதபோது, தொழிலை ஆழக் கற்கும் ஊக்கம் எங்ஙனம் நிற்கும் என்பதே என் ஐயம். இத்திட்டத்தில் விமானப்படை சேர்த்த முதல் அணியார் 2022ஆம் ஆண்டு டிசம்பரில் பெலகாவியில் பயிற்சி தொடங்கினர். அவர்தம் நான்காண்டு நிறைவுறுவது 2026ஆம் ஆண்டின் இறுதியில்.