டார்ச் விளக்கில் எல்.இ.டி.: நம்பிக்கைகளும் உண்மைகளும்

பரண்மேலோ பீரோவின் அடித்தட்டிலோ, பித்தளையில் செய்து நிக்கல் பூசிய இரண்டு கட்டை டார்ச் விளக்கு ஒன்றை இன்னமும் வைத்திருக்கும் குடும்பங்கள் நம்மிடையே ஏராளம். மும்முனை மின்சாரம் வரும் நேரம் பார்த்து நடுராத்திரியில் மோட்டார் போடக் கிணற்றடிக்குப் போகும் விவசாயிக்கு அது இன்றும் துணையாக இருக்கிறது. 1899-ஆம் வருஷம் அமெரிக்காவில் டேவிட் மிஸெல் என்பவர் குழாய் வடிவான மின்சாரக் கைவிளக்குக்குக் காப்புரிமை பெற்ற காலம்தொட்டு அதன் அமைப்பு அடிப்படையில் மாறவேயில்லை: ஒரு குழாய், அதனுள் வரிசையாக பேட்டரிக் கட்டைகள், முனையில் ஒரு சிறு பல்பு, அந்தப் பல்பைச் சூழ்ந்து ஒளியைத் திரட்டி முன்னே அனுப்பும் பளபளப்பான கிண்ணம்.

இந்தப் பழைய உடலில் புதிய எல்.இ.டி. பல்பைப் பொருத்திக்கொள்வது அதிகச் செலவில்லாத, மிகவும் பிரயோஜனமான காரியம் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால், அந்த விளக்கின் ஒவ்வோர் அங்கமும் பழைய இழை பல்பின் சுபாவத்தை உத்தேசித்தே செய்யப்பட்டது என்பதை மறந்து, பல்பை மட்டும் மாற்றினால் எல்லாம் மாறிவிடும் என்று நினைப்பதால், நல்ல மாற்றமும் பலருக்கு ஏமாற்றமாக முடிந்துவிடுகிறது. அந்த ஏமாற்றத்துக்குக் காரணமான சில அபிப்பிராயங்களை இங்கே ஒவ்வொன்றாகப் பரிசீலிப்போம்.

நம்பிக்கை: பழைய பல்பைக் கழற்றிவிட்டு எந்த எல்.இ.டி.யை வேண்டுமானாலும் வைக்கலாம்.

உண்மை: இரண்டு கட்டை விளக்கின் பழைய பல்பைக் கழற்றி, அதன் உலோகக் கழுத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால், பெரும்பாலும் 2.38 வோல்ட், 0.5 ஆம்பியர் என்ற அளவை ஒட்டிய எண்கள் பொறித்திருக்கும். புதிய கட்டை ஒவ்வொன்றும் ஒன்றரை வோல்ட் தரும். இரண்டும் சேர்ந்தால் மூன்று. ஆனால் விளக்கு எரியத் தொடங்கியதுமே அந்த அளவு இறங்கிவிடும் என்பதை அறிந்துதான் அந்தப் பல்பைச் செய்தார்கள். வெள்ளை எல்.இ.டி.க்கோ ஏறக்குறைய மூன்று வோல்ட் வேண்டும். அதற்குக் குறைந்தால் அது மங்கி, வெகு சீக்கிரத்தில் அணைந்துவிடும். ஆகவே வெறும் எல்.இ.டி.யை இரண்டு கட்டை விளக்கில் வைத்தால், கட்டைகளில் கணிசமான சக்தி மிச்சமிருக்கும்போதே விளக்கு பயனற்றுப் போகிறது. கட்டைகள் மூன்றோ நான்கோ ஆனால் எதிர்மாறான ஆபத்து நேரும். வோல்ட் சிறிதே ஏறினாலும் எல்.இ.டி.யில் பாயும் மின்னோட்டம் பலமடங்கு பெருகி அதைக் கருக்கிவிடும். இந்த இரண்டையும் சரிசெய்து, குறைந்த வோல்டை உயர்த்தியும் மிகுந்த மின்னோட்டத்தை அடக்கியும் கொடுக்கும் சிறு மின்சுற்று உள்ளேயே அமைந்த பல்பைத்தான் வாங்கவேண்டும். எத்தனை வோல்ட் முதல் எத்தனை வோல்ட் வரை அது தாங்கும் என்பதைப் பல்பின் உறையில் அச்சிட்டிருப்பார்கள். விலையைப் பார்ப்பதற்கு முன்னால் பார்க்கவேண்டியது அதுதான். சாதாரணக் கட்டைகளுக்குப் பதிலாக, முழுதாக ஏற்றினால் 4.2 வோல்ட் தரும் லித்தியம் அயான் பேட்டரியைப் போட நினைப்பவர்களும் இந்த எல்லையைக் கவனித்தாகவேண்டும்.

நம்பிக்கை: கட்டைகளை எப்படிப் போட்டாலும் விளக்கு எரியும்.

உண்மை: கட்டைகள் ஒன்றுக்கொன்று எதிராகத் திரும்பியிராதவரை பழைய பல்பைப் பொறுத்தவரை இது சரிதான், டங்ஸ்டன் இழைக்கு மின்சாரம் எந்தத் திசையில் வந்தாலும் ஒன்றே. எல்.இ.டி. ஒரு டையோடு, ஒரே திசையில்தான் மின்சாரத்தை விடும். மாற்றுப் பல்புகளில் பெரும்பாலானவற்றுக்கு அடிமுனை பாஸிட்டிவாகவும் கழுத்துப் பகுதி நெகட்டிவாகவும் இருக்கவேண்டும். கட்டையின் குமிழ் பல்பைப் பார்த்தபடி இருக்குமாறு போடும் விளக்குகளில் இது தானாகவே அமைந்துவிடும். புதிய பல்பு எரியவில்லை என்றால் அதைப் பழுதென்று தூக்கி எறிவதற்கு முன்னால் கட்டைகளின் திசையைச் சரிபார்ப்பது நலம். ஆனால் திசைமாறிய மின்சாரத்தைத் தாங்காத மின்சுற்றுகளும் உண்டாதலால், முதல்முறையே சரியாகப் போடுவதுதான் உத்தமம்.

நம்பிக்கை: வாட் கூடக் கூட வெளிச்சம் தூரம் போகும்.

உண்மை: வாட் என்பது விளக்கு தின்னும் மின்சக்தியின் அளவு, அது கொடுக்கும் ஒளியின் அளவு லூமென். ஏறக்குறைய 1.2 வாட் செலவிடும் பழைய பல்பு தருவது சுமார் பத்து லூமென்தான். மற்றதெல்லாம் உஷ்ணமாகவே வீணாகிறது. அதில் பாதிச் சக்தியைச் செலவிடும் நல்ல எல்.இ.டி. அதைவிடப் பலமடங்கு ஒளி தரும் என்பதால், அரை வாட் பல்பை அற்பமாக எண்ணவேண்டியதில்லை.

தூரமோ வேறு விஷயம். அதை நிர்ணயிப்பதில் கிண்ணத்துக்குப் பெரும் பங்கு உண்டு. இழை தன்னைச் சுற்றி எல்லாத் திசைகளிலும் ஒளியை வீசுவதால், அதன் பெரும்பகுதியைக் கிண்ணம் பிடித்து ஒரே கற்றையாக அனுப்பிவிடுகிறது. எல்.இ.டி.யின் தட்டையான துணுக்கோ முன்பக்கமாகவே ஒளி வீசுகிறது. அதில் ஒரு பகுதி கிண்ணத்தைத் தொடாமலே விரிந்து போய்விடுகிறது. மேலும் இழை இருந்த அதே இடத்தில், அதாவது கிண்ணத்தின் குவியத்தில், துணுக்கு அமையாவிட்டால் கற்றை சிதறிவிடும். மூன்று மீட்டர் தூரத்துச் சுவரில் வெளிச்சத்தை அடித்துப் பாருங்கள்: நடுவில் பிரகாசமான வட்டம் விழுந்தால் பொருத்தம் சரி, நடுவில் இருண்ட பள்ளமும் அதைச் சுற்றி வளையமும் விழுந்தால் துணுக்கு இடம் தவறியிருக்கிறது. தலைப்பாகத்தைத் திருகிக் குவியத்தை மாற்றும் வசதியுள்ள விளக்கில் இதை உடனே திருத்தலாம். இல்லாவிட்டால், துணுக்கு மிகவும் முன்னே நிற்கும்போது, பல்பின் கழுத்துக்கும் கிண்ணத்துக்கும் இடையே மெல்லிய உலோக வளையம் ஒன்றை வைத்துப் பின்னுக்கு இழுக்கலாம். மூன்று வாட் பல்பாலும் கிடைக்காத தூரத்தை இந்தச் சிறு சீர்திருத்தம் சில சமயம் தந்துவிடும்.

நம்பிக்கை: எல்.இ.டி. சூடாகாது.

உண்மை: அதன் ஒளிக்கற்றையில் சூடு இல்லை என்பதே இந்த எண்ணத்துக்கு மூலம். 2,000 டிகிரி சென்டிகிரேடுக்கும் மேல் தகிக்கும் பழைய இழை தன் உஷ்ணத்தைக் கதிர்களாகவே வெளியே தள்ளிவிடும், எல்.இ.டி.யின் உஷ்ணமோ துணுக்கிலேயே தங்கி, பின்புறமாக உலோகத்தின் வழியே வெளியேறியாகவேண்டும். அதற்கு வழியில்லாவிட்டால் ஒளி குறையும், ஆயுளும் தேயும். பித்தளைக் கிண்ணமும் பித்தளைக் குழாயும் உஷ்ணத்தை ஓரளவு வாங்கிக்கொள்ளும். பிளாஸ்டிக் உடலால் அது இயலாது. ஆகையால் பிளாஸ்டிக் டார்ச்சில் மூன்று வாட் பல்பைப் போடுவது விவேகமன்று. உறையில் காணும் 50,000 மணி என்ற ஆயுளும், துணுக்கு தக்க குளிர்ச்சியில் இருக்கும்போது அதன் ஒளி ஆரம்பத்தில் இருந்ததில் நூற்றுக்கு எழுபது பங்காகக் குறையும்வரையுள்ள காலத்தையே பொதுவாகக் குறிக்கும். கைவிளக்கில் துணுக்குக்கு முன்பாக மின்சுற்றே கெட்டுப்போவதும் உண்டு.

நம்பிக்கை: எல்.இ.டி. போட்டுவிட்டால் கட்டைகளைப் பற்றிய கவலையே வேண்டாம்.

உண்மை: கட்டைகள் நெடுநாள் உழைக்கும் என்பது மெய்தான். ஆனால் இரண்டு எச்சரிக்கைகள் அவசியம். பழைய விளக்கு மஞ்சளித்து மங்கி, கட்டை தீரப்போவதை முன்னரே அறிவித்தது. வோல்டை உயர்த்தித் தரும் மின்சுற்றுள்ள விளக்கோ கடைசிவரை ஒரே பிரகாசமாக எரிந்துவிட்டுச் சட்டென்று அடங்கக்கூடும். வயல்வரப்பில் நடப்பவர் மாற்றுக் கட்டைகளையும் கையோடு வைத்துக்கொள்வது நல்லது.

இரண்டாவது, கட்டையின் சக்தியை ஒட்ட உறிஞ்சிவிடும் திறன் இந்த மின்சுற்றுக்கு உண்டு. சாதாரணக் கட்டையின் துத்தநாக உறை வெறும் கூடு அன்று. அதுவே நெகட்டிவ் முனை. மின்சாரம் தரத்தர அந்த உறையே கரைகிறது. கரைந்து ஓட்டையானால் உள்ளிருக்கும் ரசாயனம் கசிந்து ஸ்பிரிங்கை அரித்து, வெண்மையும் பச்சையுமாகப் பூத்துக் குழாயையே பாழாக்கிவிடும். தீர்ந்த கட்டைகளை அன்றே கழற்றுவதும், மாதக்கணக்கில் தொடாத விளக்கில் கட்டைகளை விட்டுவைக்காமலிருப்பதும் எந்தப் பல்பு போட்டாலும் மாறாத தர்மங்கள்.

நம்பிக்கை: வெளிச்சம் எவ்வளவு வெண்மையோ அவ்வளவு நன்றாகத் தெரியும்.

உண்மை: ஜப்பானில் பிறந்த விஞ்ஞானிகளான அகாஸாகி, அமானோ, நகமுரா ஆகிய மூவருக்கும் 2014-ஆம் ஆண்டின் பௌதிக நோபல் பரிசைப் பெற்றுத்தந்த நீல எல்.இ.டி.யின்மேல், மஞ்சள் ஒளி உமிழும் பொடியைப் பூசியே சாதாரண வெள்ளை எல்.இ.டி.யைச் செய்கிறார்கள். ஆகவே அதன் ஒளியில் நீலம் தூக்கலாகவும் சிவப்பு குறைவாகவும் இருக்கும். 6,500 கெல்வின் என்று குறித்த நீலம் பாரித்த வெண்மையில் மண்ணும் சருகும் மரப்பட்டையும் தத்தம் நிறபேதங்களை இழந்து வெளிறித் தோன்றக்கூடும். செம்மண் பாதையில் கிடப்பது குச்சியா, ஊர்வதா என்று நொடியில் தீர்மானிக்கவேண்டியவருக்கு 3,000 முதல் 4,500 கெல்வின் வரையிலுள்ள இதமான நிறமே அதிக உபகாரம் செய்யும்.

இவற்றையெல்லாம் கவனித்து நோக்கினால், இரண்டு கட்டை விளக்குக்குத் தக்க பல்பு எது என்பது தெளிவாகிவிடும்: அரை வாட் அல்லது ஒரு வாட் அளவில், இரண்டு வோல்டுக்குக் கீழே இறங்கினாலும் எரியக்கூடிய மின்சுற்றுடன், மிதமான நிறத்தில் இருப்பது. அதை மாட்டுவதற்கு முன், ஸ்பிரிங்கையும் தொடுமுனைகளையும் நைஸான உப்புத்தாளால் தேய்த்துத் துடைத்துவிடவேண்டும். இந்த மாற்றத்தின் மெய்யான லாபம் கண்கூசும் பிரகாசமன்று. கட்டைகள் நெடுநாள் உழைப்பதும், வெளிச்சம் ஒரே நிதானமாக நிற்பதும், நன்றாகச் செய்யப்பட்ட ஓர் உலோகச் சாதனம் குப்பைக்குப் போகாமல் இன்னும் பல வருஷங்கள் உழைப்பதுமேயாகும். இந்த லாபங்களை நாடி மாற்றுகிறவர் எவரும் ஏமாறமாட்டார் என்பது என் உறுதியான கருத்து.